அசம்பாவிதம் எதுவும் இல்லை

தொண்ணூறுகளின் நடுவில், பல வருடங்களாக நடக்காமல் கிடந்த பஞ்சாயத்துத் தேர்தல் ஒருவழியாக நடந்து முடிந்திருந்தது. எங்கள் பக்கத்தில் சில ஊர்களில் வெட்டுக்குத்து. சில ஊர்களில் வாக்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சில ஊர்களில் ஒன்றுமே நடக்கவில்லை. அந்தச் சில ஊர்களில் மட்டும் ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று கண்டுபிடிக்கக் காவல்துறையும் நான் படித்துக்கொண்டிருந்த துறையும் சேர்ந்து ஓர் ஆய்வைத் தொடங்கின. அதில் நான் கள உதவியாளர். பிறகு வெளியான அறிக்கையின் நன்றியுரையில் என் பெயர் இருக்கிறது. அதை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டேன். அச்சாகிவிட்டது என்றார்கள்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. தச்சநல்லூரில் வீடு. எம்.ஃபில். சேர்ந்திருந்தேன். என் வழிகாட்டிப் பேராசிரியர்தான் ஆய்வின் தலைவர். காவல்துறையின் சார்பில் ஓர் உயர் அதிகாரி; நிறையப் படிப்பவர், மரியாதையாகப் பேசுபவர். இந்த இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசுவதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. பிடித்து அடிக்கிற போலீஸ் போய், கேட்டு யோசிக்கிற போலீஸ் வருகிறது என்று நான் உண்மையாகவே நம்பினேன். எங்கள் தெருவில் அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டும் இருந்தேன்.

ஸ்டென்சிலில் உருட்டி எடுத்த வினாத்தாள் எங்களிடம் இருந்தது. முதல் கேள்வி: தேர்தல் நாளில் மோதல் நடந்ததா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். ‘ஆம்’ ஊர்களுக்கு ஆண்கள் போனார்கள். பெண்பிள்ளை என்பதால் எனக்கு ஒரு ‘இல்லை’ ஊரைக் கொடுத்தார்கள். களக்காட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, வயல் நடுவே நடந்து போகிற ஊர் அது. ஊருக்கு நடுவே ஒரு கால்வாய் ஓடுகிறது. கால்வாய்க்கு மேற்கே மேலத்தெரு; கோயில், பள்ளிக்கூடம், காரை வீடுகள். கிழக்கே கீழத்தெரு. நடுவில் ஒரு சின்னப் பாலம். கீழத்தெருவிலிருந்து ஒருவர் தலைவர் பதவிக்கு நின்றது அந்த முறைதான் முதல் தடவை. அப்படியிருந்தும் ஒரு கல்கூட விழாமல் தேர்தல் நடந்திருக்கிறது. எப்படி என்று நான் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

ஒரு விதி சொன்னார்கள். காவலர் துணை இல்லாமல் எந்த ஊருக்கும் போகக் கூடாது, எங்கள் பாதுகாப்புக்காகவாம். எனக்குத் துணையாக வந்தது ஒரு பெண் காவலர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் அக்கா என்று கூப்பிட்டேன். இரண்டு நாளிலேயே அவர் என்னை உரிமையோடு ஏட்டி என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார். பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுக்கொடுப்பார். கண்டக்டர் சில்லறைக்குத் தகராறு செய்தால் ஒரே பார்வையில் அடக்குவார். எனக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது.

முதல் நாள் நாங்கள் கீழத்தெருவுக்குப் போனபோது, வேப்பமரத்தடியில் நாலைந்து பெண்கள் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவளுக்கு நாற்பது வயது இருக்கும். தலைவர் பதவிக்கு நின்றவரின் அண்ணன் மனைவி. அவளிடம் கேள்விகளை வாசித்தேன். அக்கா யூனிஃபார்மில் என் பக்கத்தில் நின்றார்.

“எலெக்‌ஷன் அன்னைக்கு ஏதாவது சண்டை நடந்துச்சா?”

“ஒண்ணும் நடக்கல.”

“போலீஸ் எப்படி நடந்துக்கிட்டாங்க?”

“நல்லாப் பாத்துக்கிட்டாவ.” அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. விரல்கள் மட்டும் இலையைச் சுருட்டிக்கொண்டே இருந்தன. மற்றவர்களும் அதையே சொன்னார்கள். ஏறக்குறைய அதே வார்த்தைகள். மத்தியானத்துக்குள் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டாயிற்று. வேலை சீக்கிரம் முடிந்ததே என்று நான் சந்தோஷப்பட்டேன். ஒரு தெரு முழுவதும் ஒரே பதிலைச் சொன்னால் சந்தேகப்பட வேண்டும் என்று எனக்குப் பாடத்தில் சொல்லித் தந்திருந்தார்கள். எனக்குத் தோன்றவில்லை. சைவக் குடும்பத்தில், நிலம் வைத்திருந்த வீட்டில் பிறந்தவள் நான். எங்கள் வயலில் நட்டவர்களும் அறுத்தவர்களும் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமலே வளர்ந்த புத்தி அங்கேயும் கேட்கவில்லை.

கிளம்பும்போது அக்கா முன்னால் நடந்துவிட்டார். நான் காகிதங்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். பீடி சுற்றியவர்களில் மூத்தவளான அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, “நீ மட்டும் ஒருநா வாரியா?” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் போனேன்.

அதே மரத்தடி. இந்த முறை பத்துப் பதினைந்து பெண்கள் இருந்தார்கள். நான் வினாத்தாளை எடுக்கவில்லை. சொந்த நோட்டை எடுத்தேன். அவள்தான் பேசினாள். தேர்தல் அன்று காலை ஏழு மணிக்கே கீழத்தெரு முழுவதும் குளித்து முழுகி வரிசையில் நின்றிருக்கிறது. பாலத்தில் கயிறு கட்டிப் போலீஸ் நின்றிருக்கிறது. “மொத்தமாப் போனா சண்டை வந்துரும், பத்துப் பத்துப் பேரா விடுதோம்” என்று சொல்லியிருக்கிறார்கள். இவர்களும் சரி என்று ஒதுங்கி நின்றிருக்கிறார்கள். முதல் பத்துப் பேர் போனார்கள். பள்ளிக்கூடத்தில், உங்கள் வாக்கெல்லாம் ஏற்கனவே விழுந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பத்துப் பேரும் சத்தம் போட்டார்கள். சத்தம் வந்ததும், கலவரம் வரப்போகிறது என்று சொல்லி, கயிற்றை இறுக்கிவிட்டார்கள்.

“சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் வெயில்ல நிக்கோம். அஞ்சு மணிக்கு வரிசையில நிக்கிறவுகளுக்கு சீட்டு குடுத்து ஓட்டுப் போட விடணுமாம்லா? எங்க வரிசை பாலத்துக்கு இங்கன கெடக்கு. அது கணக்குல வராதாம். நேரம் ஆயிட்டு, வீட்டுக்குப் போங்கன்னுட்டாவ.”

“நீங்க ஒண்ணும் சொல்லலையா?”

“என்னத்தச் சொல்ல? கல்லெடுத்து எறிஞ்சா எங்களத்தான ஜெயில்ல போடுவாவ? எங்க வீட்டு ஆம்பளையள நாங்கதான் பிடிச்சு உக்கார வச்சோம். எங்க தெருவுல மை பட்ட வெரலு ஒண்ணுகூடக் கெடையாது, பாத்துக்க. அன்னைக்கு சண்ட வராமப் பாத்துக்கிட்டது போலீஸ் இல்ல. நாங்க.”

அந்தச் சாவடியில் வாக்குப்பதிவு மிக நன்றாக இருந்தது என்று எங்கள் கோப்பில் இருந்தது. ஒரு தெரு முழுவதும் பாலத்துக்கு இந்தப் பக்கம் நிற்கும்போது அந்தப் பெட்டி எப்படி நிரம்பியது? நான் எழுதிக்கொண்டே இருந்தேன். எழுத எழுத என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. மூன்று நாள் முன்னால் இதே மரத்தடியில் உட்கார்ந்து ‘திருப்தி’ என்ற கட்டத்தில் டிக் போட்டவள் நான்தானே.

கிளம்பும்போது அவள் சொன்னாள்: “அன்னைக்கு உன் கூட வந்தாளே போலீஸ்காரி, கயித்த அவதான் பிடிச்சா.”

மறுநாள் ஜங்ஷன் பஸ் நிலையத்தில் அக்காவைப் பார்த்ததும் நேராகக் கேட்டேன்.

அவர் மழுப்பவில்லை. “ஆமா. பொம்பளைங்க பக்கம் நான் பிடிச்சேன். ஆம்பளைங்க பக்கம் வேற ரெண்டு பேரு.”

“ஏன் அக்கா என்கிட்டச் சொல்லல?”

“நீ கேட்டியா? சண்ட நடந்துச்சான்னுதான் கேட்ட. நடக்கல.”

“யாரு நிறுத்தச் சொன்னா?”

“கீழத்தெருவ அங்கனயே நிறுத்துன்னு சொன்னாவ. யாரு சொன்னான்னு உனக்கு எதுக்கு? எனக்குச் சொல்லுதவரு எனக்குச் சொன்னாரு. அவருக்கு ஒருத்தர் சொல்லியிருப்பாரு.” பிறகு, “மத்தியானம் ஒரு பொம்பள எனக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்தா. கயித்துக்கு அந்தப் பக்கம் நின்னு நீட்டுனா. நான் வாங்கிக் குடிச்சேன். அப்புறமும் விடல” என்றார்.

அன்று நாங்கள் பஸ் ஏறவில்லை. அவர் ஸ்டேஷனுக்குப் போனார். நான் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். மோதல் இல்லாத ஊர் என்றால் எல்லாரும் வாக்களித்த ஊர் என்று அர்த்தம் இல்லை. ஒரு தரப்பையே தேர்தலிலிருந்து நீக்கிவிட்டாலும் மோதல் இருக்காது. நம் கேள்வியே தவறு. இதுதான் நான் எழுதியதன் சாரம். இப்போதும் அதில் ஒரு வார்த்தையை மாற்ற மாட்டேன்.

பேராசிரியர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “தனியாப் போனியா?”

“ஆமா சார்.”

“விதியை மீறி எடுத்த தகவலை எப்படிப் பயன்படுத்த முடியும்?”

“அது உண்மை சார்.”

“இருக்கலாம்மா. ஆனா நம்ம வினாத்தாள்ல அதுக்கு இடம் இல்லையே. பதினஞ்சு பொம்பளைங்க மரத்தடியில பேசினது ஆதாரமா? அதுவும் இல்லாம, இதை எழுதினா எந்த ஊர்னு எல்லாருக்கும் தெரிஞ்சிரும். தகவல் கொடுத்தவங்களை நாம பாதுகாக்கணும். அது ஆய்வு அறம்.”

அறம் என்ற வார்த்தையை அவர் உச்சரித்த விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தப் பெண்களைக் காப்பாற்றுவதற்காகத்தான் அவர்கள் சொன்னதை மறைக்கிறாராம். கயிறு கட்டியவர்கள் சொன்னதும் இதையேதான்.

நான் விடவில்லை. அதனால் என்னை அந்த உயர் அதிகாரியிடம் கூட்டிக்கொண்டு போனார். அதிகாரி எங்களை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். என் பக்கங்களைப் பொறுமையாக முழுவதும் படித்தார்.

“அம்மா, நீங்க எழுதினது தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா அன்னைக்குப் பக்கத்து ஊர்ல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும். ஒருத்தன் கை போச்சு. இந்த ஊர்ல ஒரு சொட்டு ரத்தம் விழல. என் வேலை அதுதான். ஓட்டு அடுத்த தடவையும் போடலாம். போன உயிர் வருமா?”

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்ததுதான் என் வாயை அடைத்தது. பதில் வெளியே வந்த பிறகுதான் தோன்றியது. உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்றால் வெட்ட வருகிறவனை அல்லவா கயிறு கட்டி நிறுத்த வேண்டும்? ஓட்டுப் போட வந்தவளை ஏன் நிறுத்தினீர்கள்? இந்த இரண்டு வாக்கியத்தை அந்த அறையில் சொல்ல முடியாமல் போனதற்காக என்னை நானே எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன்.

ஏற்கனவே வரவழைத்து வெளியே நிறுத்தியிருந்த அக்காவை மணி அடித்து உள்ளே வரச் சொன்னார். அக்கா வந்து சல்யூட் வைத்து நிமிர்ந்து நின்றார்.

“அன்னைக்கு நீ டியூட்டியில இருந்தியே, என்ன நடந்துச்சு?”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார்: “அசம்பாவிதம் எதுவும் இல்லை, சார்.”

வெளியே வந்து மாமரத்தடியில் அவரைப் பிடித்து நிறுத்தினேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “இப்பிடிச் சொல்லிட்டியே அக்கா” என்றேன்.

அவருக்கும் கோபம் வந்தது. “ஏட்டி, நீ நாளைக்கு வேற ஆராய்ச்சிக்குப் போயிருவ. அடுத்த எலெக்‌ஷனுக்கும் நான்தான் கயிறு பிடிக்கணும். என்னைய நடுவுல நிறுத்தி வச்சு ரெண்டு பக்கமும் இழுக்காத.” திரும்பி நடந்துவிட்டார்.

சில மாதம் கழித்து, பாளையங்கோட்டையில் ஒரு மண்டபத்தில் அறிக்கை வெளியீட்டு விழா. ஓவர்ஹெட் புரொஜெக்டரில் ஒவ்வொரு தாளாக வைத்துப் பேராசிரியர் விளக்கினார். ஒரு தாளில் நான் போன ஊர் வந்தது. பெயர் இல்லை. ‘அமைதிக்கு ஒரு முன்மாதிரி’ என்று தலைப்பு. முறைப்படுத்தப்பட்ட நடமாட்டம், முன்கூட்டிய தடுப்பு, மக்களின் முழு ஒத்துழைப்பு. இந்த முறையைப் பதற்றமான மற்ற ஊர்களுக்கும் கொண்டுபோகலாம் என்று பரிந்துரை. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பக்கத்தில் இருந்தவர்கள் தட்டினார்கள், என் கையும் தட்டிவிட்டது. இதில் என்னால் மன்னிக்கவே முடியாத இடம் இதுதான்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அந்த ஊருக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன். பீடி சுற்றும் விரல்கள் நின்றுவிட்டன.

“அப்ப எங்கள மாதிரியே இன்னும் நாலு ஊர்ல கட்டி வைக்கப் போறாவளா?” என்றாள் அவள்.

“அப்படித்தான் எழுதியிருக்காங்க.”

“நாங்க சொன்னதச் சொல்லலியா நீ?”

“சொன்னேன். உங்க பேரு வெளிய தெரியக் கூடாதுன்னு சொல்லி எடுத்துட்டாங்க.”

“யாரு சொன்னா தெரியக் கூடாதுன்னு? எங்கள யாராவது கேட்டாவளா?” எழுந்தே விட்டாள். “எழுது. என் பேர முதல்ல போடு. வீட்டுக்காரரு பேரு, கதவு எண்ணு எல்லாம் போடு.”

அன்று அந்த மரத்தடியில் உட்கார்ந்து ஒரு மனு எழுதினேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். நான் மொழியை மட்டும் திருத்தினேன். எழுதி முடிப்பதற்குள் தெருவே கூடிவிட்டது. கையெழுத்துத் தெரிந்தவர்கள் போட்டார்கள், மற்றவர்கள் கைநாட்டு வைத்தார்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் வரிசையில் நின்று கொடுத்தோம். அவள் தன் கையாலேயே கொடுத்தாள்.

பதில் வந்தது. புகார் விசாரிக்கப்பட்டது, அன்று வாக்குப்பதிவு அமைதியாக நடந்தது, பேராசிரியர்கள் நடத்திய ஆய்விலும் இது உறுதியாகியுள்ளது, எனவே மேல்நடவடிக்கை தேவையில்லை. அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள். நான் டிக் போட்ட காகிதங்கள்தான் அந்த ஆய்வு. அந்தப் பெண்களின் வாயை அடைக்க என் கையெழுத்தே போதுமானதாக இருந்தது.

நான் பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினேன். மரியாதை இல்லாத கடிதம்தான். அதன் பிறகு என் ஆய்வேட்டில் அவர் கையெழுத்துப் போடவில்லை. வேறு வழிகாட்டி கிடைக்கவும் இல்லை. எம்.ஃபில். அப்படியே நின்றுபோனது. அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அந்தச் சமயத்தில் ஒருநாள் மாலை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். யூனிஃபார்மிலேயே வந்ததால் தெருவில் கதவெல்லாம் திறந்து மூடின. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பையிலிருந்து இரண்டு தாளை எடுத்து நீட்டினார். தேர்தல் அன்று எத்தனை மணிக்குக் கயிறு கட்டினார்கள், யார் சொல்லிக் கட்டினார்கள், முதல் பத்துப் பேர் எப்போது திரும்பி வந்தார்கள், யார் இறுக்கச் சொன்னது, எல்லாம் அவர் கைப்பட எழுதியிருந்தது. கடைசியில் கையெழுத்தும் காவலர் எண்ணும்.

“மனுவோட சேத்துக் குடு” என்றார்.

“உனக்குப் பிரச்சினை வருமே அக்கா.”

“வரட்டும். பதில் காயிதம் எங்க ஸ்டேஷன் வழியாத்தான் போச்சு. நான்தான் நோட்டுல பதிஞ்சு டெஸ்பாட்ச் போட்டேன். போட்ட கை கூசிட்டு.” அவ்வளவுதான் சொன்னார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இரண்டாவது மனு அந்தத் தாள்களோடு போனது. இந்த முறை சென்னைக்கும் ஒரு பிரதி அனுப்பினோம். விசாரணைக்கு ஆள் வந்தார்கள். பாலத்தை அளந்தார்கள், பள்ளிக்கூடம் வரைக்கும் நடந்து பார்த்தார்கள். அந்தப் பஞ்சாயத்துத் தேர்தல் செல்லாது என்று யாரும் சொல்லவில்லை. பெட்டியை நிரப்பியவர்கள் மேல் ஒரு வழக்கும் இல்லை. ஐந்து வருடம் மேலத்தெருக்காரரே தலைவராக இருந்தார். ஆனால் அடுத்து வந்த நாடாளுமன்றத் தேர்தலில் கால்வாய்க்குக் கிழக்கே, பால்வாடிக் கட்டடத்தில், கீழத்தெருவுக்கென்று தனி வாக்குச்சாவடி போட்டார்கள். காரணம் எதுவும் எழுத்தில் தரவில்லை. அக்காவை அதற்கு முன்பே கடலோரத்தில் ஒரு ஸ்டேஷனுக்கு மாற்றிவிட்டார்கள். வர வேண்டிய ஊதிய உயர்வும் நின்றது. எனக்கு ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. அக்காவுக்கு இரண்டு கடிதம் போட்டேன். ஒன்றுக்குப் பதில் வந்தது: நன்றாக இருக்கிறேன், மீன் மலிவு என்று.

சில வருடம் கழித்து, பாளையங்கோட்டையில் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது பேராசிரியர் என்னை அடையாளம் கண்டு அவரே வந்து பேசினார். தலை நன்றாக நரைத்திருந்தது. நலம் விசாரித்தார். பிறகு, “பாத்தியாம்மா, உன் ஊர்ல தனிச் சாவடி வந்துருச்சு. எல்லாம் நம்ம ஆய்வோட பலன்தான். போன மாநாட்டுல கூட அதைத்தான் எடுத்துச் சொன்னேன்” என்றார். முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. அவர் அதை நம்பினார். எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

அடுத்த விடுமுறையில் அந்த ஊருக்குப் போனபோது இதை அவளிடம் சொன்னேன். அவள் பீடிக் கட்டை அப்படியே கீழே வைத்தாள்.

“அவரு சொன்னாராம், இவ பஸ் ஏறிட்டாளாம்! படிச்சவதானடி நீ? நாலு பேரு நிக்கிற எடத்துல நாக்கப் பிடுங்குற மாதிரி நாலு வார்த்த கேட்டுட்டு வராம, என்கிட்ட வந்து என்னத்துக்குச் சொல்லுத?”

மரத்தடியில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் திட்டினாள். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.